இடது பக்கம் கொஞ்சம் லூஸ்

ஜனவரி 9

மேலே என்ன போட்டு அழைப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. ஒன்றும் போடாமலே ஆரம்பிக்கிறேன். எழுதுவது உங்கள் மனைவியின் அப்பா. பேண்ட் தைக்கிறவன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அது போய்விட்டால் மீதியைச் சொல்வது சுலபம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போயிருந்தேன். கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். இத்தனை வருடமாக ஊர் ஆண்களின் தொடையிடுக்கில் டேப் வைத்து அளந்தவன் நான். "கூச்சப்படாதீங்க சார், நேரா நில்லுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். என் முறை வந்தபோது திரைக்குப் பின்னால் நான் தைத்த பொத்தானோடு நானே மல்லுக்கட்டினேன். நர்ஸ் பேண்ட்டை வாங்கி மடிக்கப் போனார். டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க இது, இடது பக்கம் மட்டும் பை மாதிரி வெட்டியிருக்கான். முதல்ல உங்க டெய்லரை மாத்துங்க."

நான் மல்லாந்து படுத்தபடி, "சொல்றேன் டாக்டர்" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இடது பக்கம், விதைக்கு மேலே ஒரு கட்டி. வலி கிடையாது. டாக்டர் அமுக்கிப் பார்த்துக் குடல் இறக்கம் என்றார். ஊசி போட்டு, திறந்து பார்த்தால் குடல் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது. இறங்கி வந்திருந்தது மஞ்சளாக ஒரு கொழுப்பு உருண்டை. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது என்றார். உரித்து எடுத்து ஜாடியில் போட்டு லேபுக்கு அனுப்பினார். எதற்கும் அனுப்பி வைப்போம் என்றுதான் அனுப்பினாராம். லேப் ரிப்போர்ட்டில் 'சார்கோமா' என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறது, ஒரு வகைப் புற்றாம். அவரே அதை இரண்டு தடவை படித்தார். இந்த இடத்தில் இதை நான் பார்த்ததில்லை, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான். ரிப்போர்ட்டின் நகல் உள்ளே இருக்கிறது. உங்கள் அத்தைக்குக் குடல் இறக்கம் என்று மட்டும்தான் தெரியும். வீட்டில் போன் அடித்தால் அவள்தான் எடுப்பாள், ஸ்பீக்கரில்தான் பேசுவாள். கடையில் எனக்கும் பொத்தானுக்குக் காஜா எடுப்பவருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. நான் தும்மினால் அவர் நலம் விசாரிப்பார். அதனால்தான் கடிதம். மகளுக்குத் தெரிய வேண்டாம். பதிலைக் கடை முகவரிக்குப் போடுங்கள்.

நாம் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு மறக்கவில்லை. முதல் பேச்சே இதைப் பற்றியா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாற்றப்பட வேண்டிய டெய்லர்


ஜனவரி 16

ஐயா அவர்களுக்கு,

கடிதம் லேப் முகவரிக்கு வந்தது. நல்லவேளை, வீட்டுக்கு வந்திருந்தால் உங்கள் மகள்தான் பிரித்திருப்பாள்.

ஒன்றைச் சொல்லாமல் அடுத்ததுக்குப் போக என்னால் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது என்ன வேலை என்று கேட்டீர்கள். சொன்னேன். நீங்கள் உங்கள் மகளைப் பார்த்து, "பொணம் அறுக்கிறவனா?" என்றீர்கள். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திருமணத்துக்கு அத்தை மட்டும் வந்தார்கள். கடையில் அவசர ஆர்டர் என்றார்கள். பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்காகப் போட்ட நாற்காலியில் என் நண்பன் பையை வைத்துக்கொண்டான்.

கேள்வி கேட்டது நீங்கள். பதில் இப்போது சொல்கிறேன். நான் பிணம் அறுப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் உடம்பிலிருந்து எடுத்ததுதான் என் மேசைக்கு வருகிறது. ஜாடியில் வரும். வெளி ஓரம் முழுக்க மை பூசுவோம். பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவேன். அதை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் படிப்பார். அவர் படிப்பது சரியாக இருக்க வேண்டுமானால் நான் சீவியது சரியாக இருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

இனி உங்கள் ரிப்போர்ட். விதையைத் தாங்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு கயிறு மாதிரி இறங்கி வருகிறது. அதைச் சுற்றியுள்ள கொழுப்பில் தோன்றியிருக்கிறது இந்தக் கட்டி. இதுவும் புற்றுதான், ஆனால் விதையில் வரும் புற்று வேறு, இது வேறு. சாதாரணக் கொழுப்புக் கட்டி மாதிரியே இருந்து ஏமாற்றும். குடல் இறக்கம், நீர் வீக்கம் என்று நினைத்துத் திறந்த பிறகுதான் பல பேருக்குத் தெரியவருகிறது. உங்கள் டாக்டர் செய்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜாடியில் போட்டு அனுப்பினாரே, அதுவே பெரிய காரியம்.

இது மிக அபூர்வம். அதனால் ஒரு லேப் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த லேபில் போய் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடிகளையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். சார்கோமா மட்டுமே பார்க்கிற டாக்டர் ஒருவர் இங்கே இருக்கிறார். எத்தனை நாளாகக் கட்டி இருந்தது என்று எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். அந்த இடத்தை யாரிடமும் காட்டி அமுக்க விடாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள்.

முடிவு வரும் வரைக்கும் உங்கள் மகளிடம் சொல்லமாட்டேன். அதற்குமேல் என்னால் முடியாது.


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி என்று போட்டுவிட்டேன். தப்பாக இருந்தால் அடித்துவிடுங்கள்.

நாற்காலி விஷயம் படித்தேன்.  அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

லேபில் போய் என் கட்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எதுக்கு சார்?" என்றாள். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலு சின்ன மெழுகு வில்லைகளைக் கொடுத்தாள். என் உடம்பை என் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. தையல் சாக்பீஸ் மாதிரி இருந்தது. பொத்தான் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரமாக அடைத்து அனுப்பியிருக்கிறேன். மேலே 'பொத்தான், நாலு துளை' என்று எழுதியிருக்கும். அதை நம்பிவிடாதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம்.

இங்கே வேலை ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்து வாசல் வரைக்கும் போனால் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அணைத்தோமா என்று திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறேன். நேற்று ஒரு வாத்தியாருக்கு இரண்டு இடது காலை ஒன்றாக வைத்துத் தைத்துவிட்டேன். காஜாக்காரர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைப் போட்டா மனுஷன் வட்டமாத்தான் நடப்பாரு" என்றார். பிரித்து மறுபடி வெட்டினேன். துணி நஷ்டம். பரவாயில்லை, நம் தலையெழுத்தைவிடத் துணி மலிவுதான்.

மகள் சௌக்கியமா? உங்கள் அத்தையிடம் அவள் பேசும்போது நான் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போவேன். போன மாதம் நிறையத் தண்ணீர் குடித்தேன்.


பிப்ரவரி 11

ஐயா அவர்களுக்கு,

பொத்தான் டப்பா வந்து சேர்ந்தது. எங்கள் வரவேற்பில் அதை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் தேடினேன்.

உங்கள் மெழுகுக் கட்டிகளை நானே சீவினேன். வேண்டுமானால் பக்கத்து மேசைக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. சாதாரணக் கொழுப்பா, இதுவா என்று பிரித்துச் சொல்ல ஒரு தனிச் சோதனை உண்டு. அதையும் செய்தோம். டாக்டர் இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். சந்தேகமில்லை. கொழுப்பு சார்கோமாதான். இதில் நல்ல செய்தி, மெதுவாக வளரும் வகை. தூரத்தில் போய்ப் பரவுவது குறைவு. கெட்ட செய்தி, இருந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப முளைக்கும். சும்மா விட்டால் ஒரு நாள் குணம் மாறி வேகம் பிடிக்கவும் கூடும்.

மை பூசுவதைப் பற்றி எழுதியிருந்தேன். எடுத்த கட்டியின் ஓரத்தில் மைக்கும் புற்றுக்கும் நடுவே நல்ல சதை கொஞ்சமாவது இருக்க வேண்டும். உங்களுடையதில் பல இடத்தில் புற்று மையையே தொட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் மீதி உங்கள் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கோட்டை ஒட்டியே கத்தரி போடுவீர்களா? உள்தையலுக்குத் துணி விட்டுத்தானே வெட்டுவீர்கள்? உங்கள் டாக்டர் குடல் இறக்கம் என்று நினைத்து, கோட்டிலேயே வெட்டிவிட்டார்.

அதனால் மறுபடி அறுவை சிகிச்சை வேண்டும். பழைய தழும்பையும் சேர்த்து, அடிவயிற்றின் ஓரமாகத் திறந்து, அந்தக் கயிற்றை அது வயிற்றுக்குள் நுழையும் இடம் வரைக்கும் எடுப்பார்கள். சுற்றியுள்ள சதையும் போகும். இடது விதையும் போகும். கயிற்றை எடுத்துவிட்டு அதை மட்டும் விட்டுவைக்க முடியாது. இந்த வகைக்கு ஊசி மருந்து அவ்வளவாக வேலை செய்யாது, கத்திதான் மருந்து. அதற்கு முன்னால் நெஞ்சிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் அதை நம்பவில்லை. நானும்.

வாக்கு கொடுத்தபடி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் சாப்பிடாமல் பிசைகிறாய் என்று நேற்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். வீட்டுக்குள் ஒரு பொய் வந்து உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போகமாட்டேன் என்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.


பிப்ரவரி 17

படித்தேன்.

கோட்டை ஒட்டி வெட்டினான், கோட்டைத் தாண்டி வெட்டினான் என்று எனக்கே பாடம் எடுக்க வேண்டாம். மெதுவாக வளர்வது மெதுவாகவே வளரட்டும். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. நானும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இரண்டில் எது முந்துகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆம்பிளைக்கு பேண்ட் தைத்துப் பிழைக்கிறவன் நான். நாளைக்கு ஊருக்குத் தெரிந்தால் கடையில் வந்து நிற்கிறவன் என் முகத்தைப் பார்ப்பானா, வேறு எங்கே பார்ப்பான்? டீக்கடையில் சிரிக்க அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு ஆயிற்று. உங்களுக்கு அது ஒரு சதை. வெட்டு, மெழுகில் போடு, சீவு. சீவிப் பழகிய கை.

அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இப்படிப் பழி வாங்குகிறீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவிட்டேன்.

இத்தோடு விட்டுவிடுங்கள்.


பிப்ரவரி 22

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கட்டி என் இயந்திரத்தில் இருந்தபோது முதல் சீவல் சுருண்டுவிட்டது. இரண்டாவது கிழிந்தது. ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், எனக்கு இரண்டாவது சீவல் கிழிந்ததில்லை. எழுந்து போய்க் கையைக் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டு வந்துதான் மூன்றாவதை எடுத்தேன். ஜாடியில் வருவது எதற்கும் முகம் கிடையாது. இதற்கு உங்கள் மகளின் முகம் இருந்தது.

பழி வாங்க நினைத்திருந்தால் ரிப்போர்ட் சரி, ஓய்வெடுங்கள் என்று எழுதியிருப்பேன். அதுதான் சுலபமான பழி.

மார்ச் முதல் வாரம் வரைக்கும் காத்திருப்பேன். அதன்பிறகு அவளிடம் சொல்லிவிடுவேன். வாக்குத் தவறினேன் என்று நீங்கள் என்னை இன்னொரு பெயர் சொல்லி அழைக்கலாம்.


பிப்ரவரி 28

மாப்பிள்ளைக்கு,

எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துப் பழைய வார்த்தை, கொஞ்சம் துருப்பிடித்திருக்கும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னண்ணே, கெட்ட சேதியா?" என்றார் காஜாக்காரர். இல்லை, நல்ல அடி என்றேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்து என் பேண்ட்களை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினேன்.

எந்தத் தையற்காரனும் கேட்காமலே கண்டுபிடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆண்களுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் இடம் அதிகம் வேண்டும். அதற்கு அரை விரல் விடுவோம். எனக்கு இடது பக்கம். அந்த அரை விரல் ஒரு நாள் போதவில்லை. பிடிக்கிறது என்று தோன்றியது. பிடித்தால் பிரித்துவிடுவதுதானே தொழில்? பிரித்தேன். அடுத்த பேண்ட் வெட்டும்போதே கால் அங்குலம் கூட்டி வெட்டினேன். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசி இரண்டுக்கும் உள்ளே தனியாக ஒட்டுத் துண்டே வைத்திருக்கிறேன். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை. கட்டில்மேல் அவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வேறு எவனாவது இப்படி மாதத்துக்கு மாதம் ஒரே இடத்தில் லூஸ் பண்ணச் சொல்லி வந்திருந்தால், முதல்ல டாக்டரைப் பாருய்யா என்று துரத்தியிருப்பேன். எனக்கு வந்தபோது உடம்பை விட்டுவிட்டு பேண்ட்டை சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதல் பேண்ட் உங்கள் திருமணத்துக்கு ஆறேழு மாதம் கழித்துத் தைத்தது. ஆக இரண்டு வருடத்துக்கு மேலே. டாக்டரிடம் சொல்லுங்கள். நம்பமாட்டேன் என்றாரே, அவரிடம் என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

நான் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது உங்கள் அத்தை வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழைய துணிகளைக் கழிக்கிறேன் என்றேன். அவள் கடைசி பேண்ட்டை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, அந்த ஒட்டுத் துண்டில் விரலை வைத்தாள்.

"ரெண்டு வருஷமா இதையெல்லாம் அயர்ன் பண்றவ நான்தானே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

குடல் இறக்கம்தானே, எடுத்தாயிற்றே என்றேன்.

"குடல் எறக்கத்துக்கா மனுஷன் வீட்டுக்குள்ள இப்படி நடந்து நடந்து தரையைத் தேய்ப்பான்? நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். காத்திருந்து எனக்குத்தான் வயசாகுது."

சொன்னேன், எல்லாவற்றையும். போகப் போவது எது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னேன்.  அவள் பேண்ட்களை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். "அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, கண்காட்சியா வைக்கப் போறீங்க? ஆளு இருந்தா போதும், கெளம்புங்க" என்றாள்.

மேல் கோர்ட்டுத் தீர்ப்பு ஆகிவிட்டது. அப்பீல் கிடையாது. வருகிறோம். மகளிடம் சொல்லிவிடுங்கள். நானே சொல்வதுதான் முறை, ஆனால் போனை எடுத்தால் எனக்கு 'ஹலோ'வுக்குமேல் வரவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

பழி என்று எழுதியதை அந்தத் தாளிலிருந்து கத்தரித்து எறிந்துவிடுங்கள். கோட்டுக்கு வெளியே தாராளமாகத் துணி விட்டே வெட்டுங்கள்.


மார்ச் 8

மாமாவுக்கு,

அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமல் இருந்ததே நன்றாக இருந்தது. "எங்கப்பாவோட சதை உன் மேசையில இருந்திருக்கு, நீ சாயந்தரம் வந்து எங்கூட உக்காந்து டிவி பாத்திருக்கே" என்றாள்.  உங்கள் பங்கையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டேன். நேரில் வரும்போது உங்களுக்கென்று தனியாக மிச்சம் வைத்திருக்கிறாள்.

ஆனால் மாடி அறையைக் காலி செய்துவிட்டாள். படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்வார் என்று நான் சொன்னபிறகு, மறுபடி எல்லாவற்றையும் கீழே இறக்கி எங்கள் அறையைக் காலி செய்தாள். நாங்கள் மாடிக்குப் போகிறோம். மேசை, நாற்காலி, ஜன்னல் திரை எல்லாம் ஒரு வாரமாக இந்த வீட்டில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவளும்தான். ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள். இந்தக் குணம் யாருடையது என்று இப்போது தெரிகிறது.

இருபத்தெட்டாம் தேதி ஸ்கேன். அதில் வேறெங்கும் ஒன்றும் இல்லையென்றால் ஏப்ரல் இரண்டாம் தேதி அறுவை சிகிச்சை. இந்த வகைக் கட்டிகளையே பார்க்கிற சர்ஜன். குடல் இறங்காமல் இருக்க அந்த இடத்தில் வலை மாதிரி ஒன்றை வைத்துத் தைப்பார். உங்களுக்குப் புரியும், பலவீனமான துணிக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ் மாதிரிதான். எடுத்த பிறகு விதையின் இடத்தில் செயற்கையாக ஒன்று வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்பார்கள். யோசித்து வையுங்கள். ஊருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய பேண்ட்களில் இரண்டைக் கொண்டு வாருங்கள். நீங்கள் எழுதியதைச் சொன்னேன், டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார். சிரிப்பதற்கு இல்லை. எவ்வளவு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்பது அவருக்கு வேண்டும்.

பேருந்து நிலையத்துக்கு நான் வருவேன்.


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். பேருந்தில் உங்கள் அத்தை என் மடியில் தலையணை வைத்து, குழி வரும்போதெல்லாம் டிரைவரை ஏசிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் எங்களை இறக்கிவிட்டுவிட்டுக் கும்பிடு போட்டார். தையல் உலர்ந்துவிட்டது. நல்ல கை. ஒரே சீராக, இழுப்பு இல்லாமல். நான் அந்த சர்ஜனிடம் சொன்னேன், டாக்டர், தொழில் மாறுவதாக இருந்தால் என் கடையில் ஒரு மெஷின் காலியாக இருக்கிறது என்று. அவரும் சிரித்தார். செயற்கையாக ஒன்று வைக்கவா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேனே, உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒட்டுத் துண்டு வைத்து மறைத்தது போதும் என்று தோன்றிவிட்டது.

பார்சலில் ஒரு பேண்ட் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுதுங்கள். கடையில் நான் உட்கார்ந்து செய்த முதல் வேலை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது கஷ்டமே இல்லை. கட்டி போய்விட்டது, கால் மட்டும் நிற்கவில்லை. ஜாடி இப்போது உங்கள் மேசையில் இருக்கும். மை பூசியாயிற்றா? இந்தத் தடவை யார் சீவுகிறார்கள்?

மகளிடம் சொல்லுங்கள், அவள் எனக்கென்று மிச்சம் வைத்திருந்த திட்டில் பாதிதான் கொடுத்தாள். மீதி வந்து சேரவில்லை. அதுகூட என்னவோ போல் இருக்கிறது.


ஏப்ரல் 27

மாமாவுக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள். சுற்றிலும் எல்லா ஓரமும் சுத்தம். எந்த இடத்திலும் மையைத் தொடவில்லை. உள்ளே பழைய கட்டியின் மிச்சம் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி நல்ல சதை தாராளமாக இருக்கிறது. நானேதான் சீவினேன். ஒன்றும் சுருளவில்லை, கிழியவில்லை. டாக்டர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி, இப்போதைக்குக் கதிர் சிகிச்சை தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். போனில் சொல்லலாம் என்றாள். கடிதத்திலேயே எழுதுகிறேன் என்றேன். அவள் கேட்காமல் அத்தைக்குப் போன் செய்துவிட்டாள், ஆக இது உங்களுக்குப் பழைய செய்தி. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆனால் மறைக்கமாட்டேன். இது பத்து வருடம் கழித்துக்கூட அதே இடத்தில் எட்டிப் பார்க்கிற வகை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. கீழ் அறையை அவள் திரும்ப மாற்றவில்லை. மாடியிலேயே இருந்துகொள்வோம் என்கிறாள்.

பேண்ட் வந்தது. மாமா, இதை எப்படிச் செய்தீர்கள்? நீங்கள் என்னை அளக்கவே இல்லையே. இடுப்பு, தொடை எல்லாம் அச்சாக இருக்கிறது. அதைக்கூட ஆஸ்பத்திரியில் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நீளம்? எனக்கு வலது கால் கொஞ்சம் குட்டை. கடையில் வாங்கும் எந்த பேண்ட்டும் வலது குதிகாலில் மிதிபடும். உங்கள் மகளே திருமணம் ஆகி ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். அதனால்தான் இப்போதெல்லாம் எல்லா பேண்ட்டையும் அவள் மடித்துத் தைத்துவிடுகிறாள். நீங்கள் வந்திருந்தபோது நான் போட்டிருந்தது எல்லாம் அவள் சரிசெய்தவைதான். இதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவளிடம் கேட்டேன், சொல்லவில்லை என்கிறாள். அத்தையிடம் கேட்டால், "அவருக்குக் கண்ணே டேப்பு" என்று சிரிக்கிறார்கள்.


மே 4

மாப்பிள்ளைக்கு,

ஓரம் சுத்தம் என்ற சேதியை உங்கள் அத்தை ஸ்பீக்கரில் கேட்டாள். அதனால் நான் கேட்டேன், மாடி வீட்டுக்காரர் கேட்டார், தெருவில் போன காய்கறிக்காரரும் கேட்டிருப்பார். எதன் ஓரம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உங்கள் கடிதம் வந்ததும் அதை மறுபடி படித்தேன். இரண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்வந்து படித்தேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தபடியே படித்து முடித்தேன்.

பேண்ட்டின் இடுப்புப் பட்டிக்கு உள்ளே, பின் தையலில் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன். பிரித்துப் பாருங்கள். பத்து வருடம் என்றீர்களே. அதற்குள் உங்களுக்குத் தொப்பை போடும், போடாமல் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும்போது தேவையான அளவு நானே பிரித்து விடுகிறேன். வேறு டெய்லரிடம் கொடுக்காதீர்கள்.

நீளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு நீங்கள் என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துப் படி வரைக்கும் வந்தீர்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா மாமா என்று கேட்டீர்கள். பேருந்து கிளம்பப் போகிறது, இறங்குங்கள் என்றேன்.  சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் திருமணத்தன்று கடையில் அவசர ஆர்டர் எதுவும் இல்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாவிக் கடை இருக்கிறதே, அதன் படியில் நின்றிருந்தேன். என்ன வேண்டும் என்று சாவிக்காரர் கேட்டதற்காக, வேண்டாத ஒரு பூட்டுக்குச் சாவி போடக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தீர்கள். மகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும், உங்கள் பேண்ட்டில் கண் போயிற்று. சாம்பல் நிறம், புதுசு. வலது கால் முக்கால் அங்குலம் இறங்கிக் குதிகாலில் மிதிபட்டுக்கொண்டிருந்தது. சட்டைக் காலருக்குப் பின்னால் எப்போதும்போல் நாலு குண்டூசி வைத்திருந்தேன். ரோட்டைத் தாண்டி வந்து, உங்கள் காலடியில் உட்கார்ந்து, அதை மடித்துக் குத்திவிட்டுப் போக வேண்டும் என்று கை பரபரத்தது.